முரண்படும் பெற்றோரை ஆசிரியர் அணுகுவது எவ்வாறு?

தவணை முடிவில் மாணவர் முன்னேற்ற அறிக்கைகள் வழங்கப்படும் நாட்களில் எமது பாடசாலைகளின் அதிபர் அலுவலகங்கள் வழமைக்கு மாறான பரபரப்புடன் காணப்படுவதுண்டு. தமது பிள்ளைக்குக் கிடைத்த புள்ளிகளை ஏற்றுக்கொள்ள மறுக்கும் தந்தை, வகுப்பில் முன்வரிசையில் தன் மகளை ஏன் அமர்த்தவில்லையெனக் கேட்கும் தாய், அயல்வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளையும் கையோடு கொண்டுவந்து ஒப்பிட்டுக் காட்டும் மாமன் எனப் பலரும் அங்கு வந்து சேருகின்றனர். ஆசிரியர் ஓய்வறையில் இத்தகையோருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ‘கரைச்சல் பிடித்த பெற்றோர்’ என்பதே அது. அப்பெயர் ஒருமுறை சூட்டப்பட்டுவிட்டால் அப்பெற்றோர் கூறும் நியாயமும் அதன் பின்னர் எவரது காதிலும் விழுவதில்லை. பிள்ளையும் அப்பெயரைச் சுமந்துகொண்டே அடுத்த வகுப்புக்குச் செல்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான இம்முரண்பாடு புதியதன்று எனினும் அதன் தன்மை மாறியுள்ளதை நாம் கவனத்திற் கொள்ளவேண்டும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியினால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது கிராமத்துப் பெற்றோரில் பெரும்பாலானோர் தாம் பாடசாலைக் கல்வியை நிறைவுசெய்யாதவர்கள். ஆசிரியர் கூறுவதே முடிந்த முடிபு என அவர்கள் கருதினர். பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, “கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் அடியுங்கள்” என்று கூறிச் சென்ற தலைமுறை அது. அத்தலைமுறையை நினைந்து ஏங்கும் ஆசிரியர்கள் இன்றும் எம் மத்தியில் உள்ளனர். ஆனால் இன்றைய பெற்றோர் தாமும் பரீட்சைகளை எழுதியவர்கள். பாடத்திட்டத்தை இணையத்தில் பார்ப்பவர்கள். தனியார் வகுப்புகளுக்கு மாதந்தோறும் பணம் செலுத்தி அங்குள்ள கற்பித்தலையும் பாடசாலைக் கற்பித்தலையும் ஒப்புநோக்குபவர்கள். கேள்வி கேட்கும் பெற்றோர் உருவானது இலவசக் கல்வியின் தோல்வியல்ல, அதன் பெறுபேறு என்றே நாம் கொள்கிறோம்.

சட்டமும் மாறியுள்ளது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்டிருந்த பாடசாலைக் கல்வி 2016 இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 இலும் மாணவர் ஒழுக்கம் தொடர்பாக மீண்டும் 2016 இலும் சுற்றறிக்கைகளை வெளியிட்டது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததனால் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறியதென உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிரம்பினால் தீர்க்கப்பட்டதாகக் கருதப்பட்ட விடயங்கள் யாவும் இன்று பேச்சினாலேயே தீர்க்கப்படவேண்டிய நிலையில் உள்ளன. அப்பேச்சின் மறுமுனையில் இருப்பவர் பெற்றோரே. எனவே பெற்றோருடன் பேசத் தெரிந்திருத்தல் ஆசிரியரின் நற்குணம் என்ற நிலையிலிருந்து அவரது தொழிலின் ஓர் அங்கமாக மாறிவிட்டது எனலாம்.

கோபத்துடன் வரும் பெற்றோர் ஒருவர் அக்கோபத்தை எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பதை முதலில் ஆராய்வது பொருத்தமானது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை சாரா லோரன்ஸ் லைட்ஃபுட், பெற்றோர் – ஆசிரியர் சந்திப்பைப் பற்றி மட்டுமே 2003 இல் முழு நூலொன்றை எழுதியவர். வகுப்பறைக்குள் நுழையும் பெற்றோர் தமது பிள்ளையைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், தாம் மாணவராக இருந்த காலத்து அனுபவங்களும் அவருடன் கூடவே வந்து அமர்ந்துகொள்கின்றன என்பது அவரது அவதானிப்பு. ஆசிரியருக்கும் இது பொருந்தும். அவரும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவரே.

அமெரிக்கப் பாடசாலைகளை வைத்துக் கூறப்பட்ட இக்கருத்து எமது மண்ணுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. இன்று பாடசாலை செல்லும் பிள்ளைகளின் பெற்றோரில் கணிசமானோர் 1990 களில் மாணவராக இருந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் கல்வியைத் தொடர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை என்பது பாடம் படிக்கும் இடமாக அன்றித் தங்கும் இடமாகவே அமைந்தது. கிழக்கின் எல்லைக் கிராமங்களில் பாடசாலை திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்களே பலரின் நினைவில் உள்ளன. தான் இழந்த கல்வியைத் தன் பிள்ளையின் மூலம் மீட்டெடுக்க முயலும் தந்தைக்கு, கணிதத்தில் 42 புள்ளி என்பது வெறும் இலக்கமன்று. அவ்விலக்கத்தைக் கூறும் ஆசிரியர் தன் வாழ்க்கையின் மீதே தீர்ப்பு வழங்குவதாக அவர் உணர்கிறார். அவரது குரல் உயர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அறிந்த ஆசிரியர், அக்குரலைத் தனக்கெதிரான அவமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டார்.

இன்னொரு சமூகவியலாளரான அனெட் லரோ, அமெரிக்கக் குடும்பங்களை நெருங்கி அவதானித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு விடயத்தைச் சுட்டினார். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பாடசாலையுடன் வாதிட்டுத் தம் பிள்ளைக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்கின்றனர். தொழிலாளர் குடும்பத்துப் பெற்றோரோ அதனை ஆசிரியரின் பொறுப்பென விட்டுவிட்டு ஒதுங்குகின்றனர் என்பதே அது. இங்கும் இதனை நாம் காணலாம். அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டும் பெற்றோரைப் பற்றியே ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். ஆனால் ஆண்டு முழுவதும் ஒருமுறையேனும் பாடசாலைப் படியேறாத பெற்றோரின் பிள்ளைதான் பெரும்பாலும் இடைவிலகிச் செல்கிறது. சத்தமிடுபவர் தம் பிள்ளையைக் கைவிடாதவர் என்பதையாவது நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இம்முரண்பாடுகளின் உச்சக்கட்டம் எனின் அது மிகையன்று. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சிறார்கள் தோற்றும் இப்பரீட்சையில், 200 புள்ளிகளுக்கு எத்தனை, மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலா கீழா என்பதே பத்து வயதுப் பிள்ளையின் அடையாளமாகிவிடுகிறது. பெற்றோரும், விசேடமாகத் தாய்மாரும், தரம் 3 இலேயே இதற்கான கணக்கைத் தொடங்கிவிடுகின்றனர். இதனைப் பெற்றோரின் பேராசை எனக் கூறி ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நல்ல ஆய்வுகூடமும் போதிய ஆசிரியரும் உள்ள பாடசாலை ஊருக்கு ஒன்றாக இருக்கும்வரை அக்கதவை நோக்கிப் பெற்றோர் முண்டியடிக்கவே செய்வர். தரம் 5 ஆசிரியர் ஒருவர் இதனை மாற்றிவிட முடியாது. அவரால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே, பரீட்சைக்கு எத்தனை மாதங்கள் உள்ளன, வகுப்பில் எதனை எப்போது கற்பிக்கப்போகிறார், மாதிரி வினாத்தாள்களை எத்தனை தடவை வழங்குவார், அப்புள்ளிகளை எவ்வாறு அறிவிப்பார் என்பவற்றைப் பெற்றோரை அழைத்துத் தெளிவாகக் கூறிவிடலாம். தெரியாமை ஏற்படுத்தும் பதற்றத்தில் பாதி அன்றே தணிந்துவிடும். பிள்ளையின் புள்ளியை அப்பிள்ளையின் கடந்த மாதப் புள்ளியுடன் மட்டும் ஒப்பிட்டுக் காட்டுவது என்ற ஒழுங்கையும் அன்றே அறிவித்துவிட்டால், அயல்வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைக் கொண்டுவருபவரிடம் பின்னர் வாதிடவேண்டியிராது.

பெற்றோரை எப்போது முதன்முதலில் சந்திக்கிறோம் என்பது பலரும் எண்ணுவதைவிட முக்கியமானது. எமது பாடசாலைகளில் வகுப்பாசிரியரிடமிருந்து வீட்டுக்குச் செய்தி செல்கிறதென்றால், பிள்ளை ஏதோ குற்றம் இழைத்துவிட்டது என்றே பொருள். “நாளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா” என்ற வாக்கியத்தைக் கேட்டுப் பிள்ளை நடுங்குவதும், அதைக் கேட்ட தாய் இரவெல்லாம் உறங்காதிருப்பதும் அதனாலேயே. அவ்வாறு நடுங்கி வந்தவர் நல்ல மனநிலையில் பேசுவார் என எதிர்பார்க்க இயலாது. முதல் தவணையின் முதற் சில வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல செய்தியையேனும் வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியருக்குப் பின்னர் எழும் சிக்கல்களின்போது நிற்பதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது சாத்தியமா என்ற வினா எழலாம். நாளொன்றுக்கு இரு பிள்ளைகளின் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினால் இருபது பாடசாலை நாட்களில் வகுப்பு முழுவதும் நிறைவடைந்துவிடும். ஆனால் அவ்வரிகள் உண்மையாக இருக்கவேண்டும். “நன்று” என்ற ஒற்றைச் சொல்லைப் பெற்றோர் நம்புவதில்லை. “இன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத் தன் பென்சிலைக் கொடுத்து உதவினான்” என்பதை நம்புவர். அவ்வாசிரியர் தம் பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

கோபத்துடன் வந்தவரிடம் எவ்வாறு பேசுவது? முதலில் அவரை அமரச் செய்யவேண்டும். இது அற்பமாகத் தோன்றலாம். எனினும் எமது பாடசாலைகளில் பெற்றோர் வகுப்பறை வாயிலில் நின்றவாறும் ஆசிரியர் உள்ளே அமர்ந்தவாறும் பேசும் வழக்கம் இன்னும் மறையவில்லை. நாற்பது சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க நடைபெறும் அந்த உரையாடலில் எவரும் விட்டுக்கொடுக்கமாட்டார். பாடவேளை முடிந்ததும் பேசுவோம் எனப் பணிவாகக் கூறி, வேறோர் இடத்தில், ஒரே உயரமுள்ள இரு கதிரைகளில் அமர்ந்து பேசுவது விடயத்தின் பாதியைத் தீர்த்துவிடும். அடுத்து, அவர் கூற வந்ததை முடிவுவரை கூறவிடவேண்டும். இடைமறித்து விளக்கமளிக்கத் தொடங்கும் ஆசிரியர் அதே முறைப்பாட்டை மீண்டும் முதலிலிருந்து கேட்க நேரிடும். அவர் முடித்ததும், கேட்டவற்றைச் சுருக்கித் திருப்பிக் கூறி, “நீங்கள் சொல்ல வந்தது இதுதானே?” எனக் கேட்கலாம். தன் கூற்று விளங்கிக்கொள்ளப்பட்டது என அறிந்ததும் குரல் தானாகவே தாழ்வதைப் பல ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிவர்.

அதன் பின்னரே ஆசிரியரின் முறை வருகிறது. இங்கு பிள்ளையின் இயல்பைப் பற்றிய சொற்களைத் தவிர்த்து நடந்தவற்றை மட்டும் கூறுவதே உத்தமம். “உங்கள் மகன் சோம்பேறி” என்பதைக் கேட்ட தாய் தன் மகனைக் காக்க எழுந்து நிற்பாள். அது அவளது இயல்பு. “இந்த மாதத்தில் நான்கு நாட்கள் கணித வீட்டுவேலை செய்யாமல் வந்திருக்கிறான்; திகதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்; அந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்ததென்று நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்” என்றால் அதே தாய் யோசிக்கத் தொடங்குவாள். அந்த நான்கு நாட்களும் தந்தை மதுபோதையில் வந்த நாட்களாக இருக்கலாம். கடையில் உதவிக்கு நின்ற நாட்களாக இருக்கலாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த நாட்களாகவும் இருக்கலாம். பிள்ளையைப் பற்றிய சில தகவல்கள் வீட்டாரிடம் மட்டுமே உண்டு என்பதை ஆசிரியர் உண்மையாகவே நம்பிக் கேட்கவேண்டும். நடிப்புக்குக் கேட்டால் பெற்றோர் உடனே கண்டுகொள்வர். சந்திப்பின் முடிவில் ஒரேயொரு விடயத்தில் உடன்பாடு கண்டு, இரு வாரங்களில் மீண்டும் பேசுவதற்கு நாள் குறித்துக்கொள்வது போதுமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சீர்செய்ய முற்பட்டால் எதுவும் நடவாது.

முறைப்பாடு நியாயமானதாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. புள்ளிகளைக் கூட்டியதில் தவறு நேர்ந்திருக்கலாம்; பிள்ளையைச் சக மாணவர் முன்னிலையில் கேலி செய்திருக்கலாம். அப்போது அதனை ஏற்றுக்கொண்டு வருத்தம் தெரிவிக்கும் ஆசிரியரின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் எமது ஆசிரியர் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அவ்வச்சம் ஆதாரமற்றது. ஊரில் உள்ளவர்கள் தவறு செய்யாத ஆசிரியரைத் தேடுவதில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேசவேண்டியது வேறொரு வகைப் பெற்றோரைப் பற்றியாகும். இவர்கள் கோபப்படுவதில்லை. ஆசிரியர் கூறும் அனைத்துக்கும் தலையசைப்பர். முன்னர் குறிப்பிட்ட ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு’ என்ற வாக்கியத்தை இன்றும் கூறுபவர்கள் இவர்களே. ஆசிரியருக்கு இவர்கள் எவ்விதச் சிரமமும் கொடுக்காதவர்களாகத் தோன்றலாம். ஆனால் ஆசிரியர் சாதாரணமாகக் கூறிய “கொஞ்சம் கவனக்குறைவு” என்ற சொல், அன்றிரவு அவ்வீட்டில் இடுப்புவாராகவோ விளக்குமாறாகவோ மாறிவிடுவதுண்டு. மறுநாள் நீண்ட கைச் சட்டையணிந்து வரும் பிள்ளை, இனி ஆசிரியரிடம் எதனையும் கூறாது. ஆகவே இத்தகைய பெற்றோரிடம் பிள்ளையின் குறையைக் கூறுமுன், அக்குறைக்கு வீட்டில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே கூறுவது அவசியம். “அடிக்கவேண்டாம், அடித்தால் என்னிடம் உண்மை பேசமாட்டான், இரவில் பத்து நிமிடம் அவன் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து கேளுங்கள், அதுவே போதும்” எனத் தெளிவாகக் கூறவேண்டும். தாம் வாசிக்கத் தெரியாதவராயினும் பக்கத்திலிருந்து கேட்பது எவராலும் இயலும். பிள்ளை கடுமையாகத் தாக்கப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் அது பெற்றோர் சந்திப்பில் தீரும் விடயமல்ல. அதிபருக்கு அறிவிப்பதும், 1998 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதும் ஆசிரியரின் கடமையாகும்.

இனி, வராத பெற்றோர். மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயை எடுத்துக்கொள்வோம். கிழமை நாளொன்றில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என அறிவித்தால், அவர் அன்றைய பேரையே இழக்கவேண்டும்; இடையில் வந்து சென்றால் நிறை குறைந்து அரைப்பேர்தான் கிடைக்கும். பிள்ளையின் கல்வியில் அக்கறையில்லை என அவரைக் குறைகூறும் முன்னர் ஆசிரியர் தமது ஒருநாள் சம்பளத்தை இழந்து கூட்டத்துக்குச் செல்வாரா என எண்ணிப் பார்க்கவேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்த பின்னர் லயத்துக்கு அருகிலேயே, பிள்ளைக்காம்பரா போன்றதோர் இடத்தில் ஒரு மணித்தியாலம் சந்தித்தால் வருவோரின் எண்ணிக்கை வேறாக இருக்கும். கரையோரக் கிராமங்களில் கடலுக்குச் செல்லும் தந்தையின் நேரமும், அம்பாறையின் வயற்கிராமங்களில் அறுவடைக் காலமும் இவ்வாறே கணக்கிலெடுக்கப்படவேண்டியவை. வெள்ளிக்கிழமை நண்பகலையும் நோன்பு காலத்து மாலை வேளையையும் முஸ்லிம் குடும்பங்களைச் சந்திப்பதற்குத் தெரிவுசெய்யக்கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனினும் கலப்புப் பிரதேசங்களில் சேவையாற்றும் தமிழ் ஆசிரியர்கள் சிலர் அறியாமையினால் இதனைத் தவறவிடுகின்றனர். ஆண் ஆசிரியரிடம் தனித்துப் பேசத் தயங்கும் தாய்மாருக்காகச் சந்திப்பில் ஓர் ஆசிரியையையும் இருக்கச் செய்வது வரவேற்கத்தக்கது.

மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயின் பிள்ளை விடயத்தில் ஆசிரியர் பேசவேண்டியது எவருடன்? முன்னேற்ற அறிக்கையில் ஒப்பமிட வருபவர் அம்மம்மாவோ உம்மும்மாவோ ஆவார். அவர் பிள்ளைக்குச் சோறூட்டுவார், நோயென்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வார். தரம் 8 விஞ்ஞானத்தில் என்ன செய்யவேண்டும் என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை. அவரிடம் கேட்கவேண்டியது பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகிறது, யாருடன் திரிகிறது என்பவற்றையே. முடிவெடுக்கவேண்டிய விடயங்களைக் கடல்கடந்து இருக்கும் தாயிடமே கைத்தொலைபேசி மூலம் கேட்கலாம். வேலை முடிந்து அவர் பேசக்கூடிய இரவு நேரத்துக்குக் குரல்செய்தியொன்றை அனுப்பி வைத்தால் அவர் பதிலளிப்பார். ஆண்டுக்கணக்கில் பிள்ளையைக் காணாத தாய்க்கு, ஆசிரியரிடமிருந்து வரும் அச்செய்தி எத்தகையதாக இருக்கும் என்பதை நாம் விபரிக்கவேண்டியதில்லை. யுத்தத்தில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் வன்னிப் பெண்களிடம் “அப்பாவைக் கூட்டிவாருங்கள்” எனக் கேட்கும் படிவங்களும் அறிவித்தல்களும் இன்னும் வழக்கத்தில் உள்ளதென்றால் அவை திருத்தப்படவேண்டியவையே.

பெற்றோர் வராமைக்குப் பாடசாலைகளே ஏற்படுத்திய காரணமும் ஒன்றுண்டு. கூட்டம் என்றால் பணம் கேட்கப்படும் என்பதே பொதுவான எண்ணம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் அழைக்கப்படும் கூட்டங்களில் சுவருக்கு வர்ணம், மின்விசிறி, விளையாட்டுப் போட்டிச் செலவு என்பனவே பேசப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அப்பியாசக் கொப்பி வாங்குவதற்கே திண்டாடிய குடும்பங்கள் இத்தகைய கூட்டத்துக்கு வர அஞ்சுவதில் வியப்பில்லை. ஆண்டில் ஒரு கூட்டமாவது பணத்தைப் பற்றிய ஒரு சொல்லும் எழாத கூட்டமாக, பிள்ளைகளின் ஆக்கங்களைக் காட்டுவதற்கென்றே நடத்தப்படவேண்டும். அதற்கு வருபவர்களைப் பார்த்தால் ஆசிரியர்களே ஆச்சரியப்படுவர்.

ஆசிரியர் பக்கத்துச் சிரமத்தையும் மறைப்பதற்கில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து படுவான்கரைக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கும் நாளாந்தம் பயணம் செய்து கற்பிப்போர் பிற்பகல் 1.30 க்கு மணி ஒலித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியவர்களே. அவ்வூர்ப் பெற்றோருக்கு அவர்கள் முகம் தெரியாத மனிதர்கள். கடைத்தெருவிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சந்தித்துக்கொள்ளும் ஆசிரியருடன் எழும் பிணக்கு அவ்விடங்களிலேயே தணிந்துவிடுகிறது. முகம் தெரியாதவருடன் எழும் பிணக்கோ நேரே வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்கிறது. மாதத்தில் ஒரு நாளேனும் பிந்திய பஸ்ஸில் திரும்புவதென ஆசிரியர் தீர்மானித்துக்கொள்வதைத் தவிர இதற்கு இலகுவான வழி எமக்குத் தெரியவில்லை.

2020 இல் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் வகுப்புக்கு வகுப்பு உருவான வட்ஸ்அப் குழுக்கள் இன்று புதியதொரு களமாகிவிட்டன. நன்மைகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் இடும் குற்றச்சாட்டை முப்பது தாய்மார் வாசித்து, அதில் ஐவர் பதிலெழுதி, விடிவதற்குள் அது ஊர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. குழு அறிவித்தல்களுக்கு மட்டுமே, தனிப்பட்ட பிள்ளையின் விடயம் நேரிலோ தொலைபேசியிலோ மட்டுமே, மாலை குறித்த நேரத்துக்குப் பின்னர் பதிலில்லை என்ற ஒழுங்குகளை முதல் நாளே எழுதி இடுவது நல்லது. எந்தப் பிள்ளையின் புள்ளியையும் எந்தப் பிள்ளையின் தவறையும் குழுவில் இடாதிருக்கும் கட்டுப்பாடு முதலில் ஆசிரியருக்கே வேண்டும். கோபமான செய்திக்குக் கோபமாக எழுதிய பதில் படமாக்கப்பட்டுப் பணிப்பாளரின் மேசைக்குச் சென்றுவிடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பிள்ளைக்கு வாசிப்பதில் ஏதோ இடர்பாடு உண்டு என ஆசிரியருக்குத் தோன்றும் சந்தர்ப்பம் மிக நுட்பமானது. அதனைக் கூறியதும் “என் பிள்ளைக்குப் பைத்தியம் என்கிறீர்களா?” எனப் பெற்றோர் சீறுவதுண்டு. எமது சமூகத்தில் அச்சொல்லுக்குள்ள பாரத்தை அறிந்தே பேசவேண்டும். ஆசிரியர் வைத்தியர் அல்லர். நோயின் பெயரைக் கூறுவது அவரது வேலையன்று. கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறாள், பெயர் சொல்லி அழைத்தால் மூன்றாம் முறைதான் திரும்புகிறாள், எழுத்துக்களை இடம்மாற்றி எழுதுகிறாள் எனத் தாம் கண்டவற்றைக் கூறி, கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துப் பார்ப்போம் என்று தொடங்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைக்கு வந்து நடத்தும் மருத்துவப் பரிசோதனை இதற்கு நல்ல வாய்ப்பாகும். மூக்குக்கண்ணாடி ஒன்றினால் தீர்ந்த ‘மந்தபுத்தி’கள் எத்தனையோ.

செல்வாக்கு மிக்க பெற்றோரை எதிர்கொள்வது தனிக் கலை. பழைய மாணவர் சங்கத்தில் பதவி வகிப்பவர், மண்டபத்துக்கு நன்கொடை அளித்தவர், அரசியல்வாதியின் தொலைபேசி இலக்கத்தை வைத்திருப்பவர் ஆகியோரின் பிள்ளைக்கு ஒரு நியாயமும் மற்றப் பிள்ளைக்கு இன்னொரு நியாயமும் என்றாகும்போது வகுப்பறை முழுவதும் அதனைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. இங்கு ஆசிரியரைத் தனித்து நிற்கவிடாதிருப்பது அதிபரின் பொறுப்பு. ஆசிரியரின் கையும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதை நாம் கூறாமலிருக்க முடியாது. தம் வகுப்புப் பிள்ளைகளையே மாலையில் கட்டணத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியர், ரியூசனுக்கு வராத பிள்ளையின் பெற்றோர் சந்தேகப்படுகிறார்களே என்று வருந்துவதில் பொருளில்லை.

பொறுமைக்கும் எல்லையுண்டு. தூற்றும் சொற்களையும் மிரட்டலையும் தாக்குதலையும் ஆசிரியர் சகித்துக்கொள்ளவேண்டும் என எவரும் கூறமுடியாது. “இவ்வாறு பேசினால் என்னால் தொடர இயலாது, அதிபர் முன்னிலையில் நாளை பேசுவோம்” எனக் கூறி எழுந்துவிடுவதற்கு அவருக்கு உரிமையுண்டு. தாக்குதல் நேர்ந்தால் அது பொலிஸ் முறைப்பாட்டுக்குரிய குற்றமே. பாடசாலையின் பெயரைக் காப்பதற்காக அதனை மூடிமறைக்கும் அதிபர்கள் அடுத்த தாக்குதலுக்கு வழிசமைக்கின்றனர். சந்திப்பு எதுவாயினும் திகதி, வந்தவர், பேசியது, உடன்பட்டது என நான்கு வரிகளைக் குறித்து வைப்பது ஆசிரியரைக் காக்கும். பின்னர் விசாரணை நேர்ந்தால் நினைவைவிடக் குறிப்பேடே செல்லுபடியாகும்.

இவை யாவும் ஆசிரியருக்கு எங்கே கற்பிக்கப்படுகின்றன? எமது தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டாண்டு வதிவிடப் பயிற்சியும் ஓராண்டு பாடசாலைப் பயிற்சியும் வழங்கப்பட்டு வந்துள்ளன. பாடத்திட்டமிடல், கற்பித்தல் முறை, உளவியல் யாவும் அங்கு இடம்பெறுகின்றன. ஆனால் கோபங்கொண்ட ஒரு தந்தையின் எதிரே அமர்ந்து பேசுவதை இளம் ஆசிரியர்கள் முதன்முதலில் கற்பது பெரும்பாலும் அத்தந்தையின் எதிரே அமரும்போதுதான். பாடசாலைப் பயிற்சி ஆண்டில் அனுபவமிக்க வகுப்பாசிரியர் நடத்தும் பத்துச் சந்திப்புகளிலேனும் பக்கத்தில் இருந்து கவனிப்பதைக் கட்டாயமாக்கினால் செலவெதுவும் ஏற்படாது. சேவையிலுள்ளோருக்கு ஆசிரிய ஆலோசகர்கள் நடத்தும் கருத்தரங்குகளில் இதற்கென ஒரு பிற்பகலை ஒதுக்குவதும் வலயப் பணிமனைகளுக்கு இயலாத காரியமல்ல.

அவ்வாறே, பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குச் செல்லும்போது புள்ளிப் பதிவேடு கைமாறுகிறதேயன்றி, ஓராண்டு முழுவதும் அக்குடும்பத்துடன் பழகி ஆசிரியர் அறிந்துகொண்டவை கைமாறுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று வரிகளை எழுதி அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கலாம். அதில் ‘கரைச்சல் பிடித்த தாய்’ என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. ‘தாய் கட்டாரில், வெள்ளிக்கிழமை இரவு பேசலாம். அம்மம்மாவுக்குக் காது சற்று மந்தம். கடிதம் அனுப்பினால் மூத்த மகள் வாசித்துக் காட்டுவாள். தந்தை முதலில் சத்தமிடுவார், தேநீர் கொடுத்தால் இருந்து பேசுவார்’ என்று எழுதலாம்.